விளையாட்டுல இங்கிலீஷ் எங்கே இருக்கு?

ஆறாம், ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஃபோன் பண்ணினார். "மத்தியானம் முதல் பீரியட் என்னுது சார். பசங்க தூங்கி வழியறாங்க. ஜாலியா நாலு ஆக்டிவிட்டி இருந்தா சொல்லுங்களேன்" என்றார். நாலு என்ன, நாற்பது சொல்லலாம். இணையத்தில் தேடினால் நானூறு கிடைக்கும். ஆனால் பதில் சொல்ல வாயெடுத்ததுமே எனக்கு என்னுடைய பழைய சொதப்பல் ஞாபகம் வந்துவிட்டது. அதைச் சொல்லாமல் வெறும் பட்டியலைக் கொடுத்தால் அது ஏமாத்து வேலை. ஃபோனில் சொல்லி முடியாததை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் முழுநேர ஆசிரியர் இல்லை. மொழி கற்பித்தல் பற்றிப் படிக்கிறவன், குறிப்பு எடுக்கிறவன். சில வருஷங்களுக்கு முன்னால் திருவண்ணாமலை பக்கம் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில், ஒரு கல்வியாண்டு முழுக்க, வாரத்துக்கு ரெண்டு பீரியட் ஏழாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுத்தேன். மொத்தம் 38 பேர். பாடத்தை அந்தப் பள்ளியின் டீச்சரே நடத்திவிடுவார். என் வேலை பசங்களைப் பேச வைப்பது.

நம் ஊரில் ஆங்கிலம் இரண்டாம் மொழியா, அந்நிய மொழியா என்று இந்தத் துறைப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக விவாதிக்கும். சென்னையில் இருந்துகொண்டு யோசித்தால் ஒரு பதில் வரும். அந்த ஊரில் நின்று பார்த்தால் வேறு பதில். ரீசார்ஜ் கடை போர்டிலிருந்து பூச்சிமருந்து டப்பா வரைக்கும் இங்கிலீஷ் இருக்கிறது. ஆனால் ஒருத்தரிடம் இங்கிலீஷில் ஒன்று கேட்டு, அவர் பதில் சொல்லி, அதனால் ஒரு காரியம் நடந்தது என்று அந்தப் பசங்க வாழ்க்கையில் ஒரு நாள்கூட இல்லை. அப்போ அது அந்நிய மொழிதான், எத்தனை போர்டு இருந்தாலும்.

முதல் நாள் ஒரு சின்ன வேலை வைத்தேன். "உங்களுக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ் வார்த்தை எல்லாம் சொல்லுங்க. பாடப் புத்தகத்துல இருந்து வரக் கூடாது." முதலில் அமைதி. அப்புறம் ஒருத்தன் பஸ் என்றான். டிக்கெட், கண்டக்டர், டீசல், பஞ்சர், ட்யூப் என்று வண்டி கிளம்பிவிட்டது. கிரிக்கெட் பக்கம் திரும்பியதும் போர்டில் இடமே இல்லை. நடுவில் ஒருத்தன் சாவி என்றான், இன்னொருத்தி ஜன்னல் என்றாள். ரெண்டும் இங்கிலீஷ் இல்லை, போர்ச்சுகீஸ்காரர்கள் விட்டுப் போனது, நாம் உட்காரும் மேசை, புத்தகம் வைக்கும் அலமாரிகூட அப்படித்தான் என்றதும் வகுப்பே வாயைப் பிளந்தது. "பெரிய பார்ட்டி சார் அவரு" என்கிறோமே, அந்தப் பார்ட்டிக்கு இங்கிலீஷ்காரனிடம் அந்த அர்த்தம் செல்லாது என்பதையும் அன்றைக்கே பேசிவிட்டோம். எனக்கு ஒரு சொல்கூட தெரியாது என்று நினைத்து வந்த பசங்க, தனக்கு நூற்றுக்கு மேல் தெரியும் என்று வீட்டுக்குப் போனார்கள். அந்த வருஷத்தில் நான் உருப்படியாகச் செய்தவற்றில் இது ஒன்று. கூடவே ஒரு மிதப்பும் வந்துவிட்டது. சொதப்பல் அடுத்த வாரம் ஆரம்பித்தது.

எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டுதான். சைமன் சேஸ். ஆசிரியர் கட்டளை சொல்வார். "சைமன் சேஸ், டச் யுவர் நோஸ்" என்றால் மூக்கைத் தொட வேண்டும். "சைமன் சேஸ்" இல்லாமல் வெறும் "டச் யுவர் நோஸ்" என்றால் தொடக் கூடாது. தப்பு செய்தவன் அவுட். ஒரே சிரிப்பு, ஒரே கூத்து. எப்போ இங்கிலீஷ் பீரியட் வரும் என்று பசங்க காத்திருக்க ஆரம்பித்தார்கள். நான் வாராவாரம் பத்து நிமிஷம் இதையே ஓட்டினேன். பெரிய சாதனை பண்ணிவிட்ட நினைப்பு.

ஆறேழு வாரம் போன பிறகு, எதேச்சையாக, யார் யார் எப்போ அவுட் ஆகிறார்கள் என்று நோட்டில் குறித்துப் பார்த்தேன். பகீர் என்றது. முதல் நிமிஷத்தில் வெளியே போகிறவர்கள் எப்போதும் அதே ஏழெட்டு பேர். அவர்கள்தான் வகுப்பிலேயே இங்கிலீஷ் கம்மியாகத் தெரிந்தவர்கள். மீதி ஒன்பது நிமிஷமும் சுவரோரம் உட்கார்ந்து வேடிக்கை. கடைசி வரைக்கும் நிற்பவர்கள், ஏற்கெனவே எல்லாம் தெரிந்த அதே நாலு பேர். பசித்தவனைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு, சாப்பிட்டவனுக்கே மறுபடி பந்தி போட்ட கதை.

அதோடு முடியவில்லை. நடுவில் இருந்த மீதிப் பேர் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சந்தேகம் வந்தது. அடுத்த வாரம் "எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க, இப்ப விளையாடலாம்" என்றேன். "சைமன் சேஸ், டச் யுவர் லெஃப்ட் நீ." பாதி வகுப்பு சிலை மாதிரி நின்றது. ஒருத்தன் காதைத் தொட்டான். அதுவரைக்கும் அவர்கள் என் இங்கிலீஷைக் கேட்டு ஆடவில்லை. முன் பெஞ்சைப் பார்த்து ஆடியிருக்கிறார்கள். கன்னடத்தில் சொல்லியிருந்தாலும் அதே மாதிரிதான் ஆடியிருப்பார்கள்.

இத்தனைக்கும் கட்டளை கேட்டு உடம்பால் பதில் சொல்லும் முறைக்குப் பின்னால் நல்ல யோசனை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற உளவியலாளர் 1960களில் ஜப்பானிய மொழியை இப்படிக் கற்றுக் கொடுத்துச் சோதனைகள் நடத்தினார். டோட்டல் பிசிக்கல் ரெஸ்பான்ஸ் என்று அதற்குப் பேர். குழந்தை பேச ஆரம்பிக்கும் முன்னால் ரொம்ப நாள் காதால் கேட்டு, உடம்பால்தானே பதில் சொல்கிறது. பெரியவனுக்கும் அந்த அவகாசத்தைக் கொடு என்பது அவர் வாதம். பேசு பேசு என்று யாரையும் அரிக்கக் கூடாது. முக்கியமான விஷயம், ஆஷரிடம் அவுட் கிடையாது. அவுட் என்பது பிறந்தநாள் பார்ட்டிக்கு நல்லது. வகுப்பில் யாருக்கு அதிகம் தேவையோ அவரையே வெளியேற்றும் விதி அது.

அப்புறம் விதியை மாற்றினேன். கண்ணை மூடித்தான் விளையாட வேண்டும். தப்பு செய்தவன் உட்கார வேண்டாம், அடுத்த ரெண்டு கட்டளையை அவன்தான் சொல்ல வேண்டும். முதலில் இதைத் தண்டனை என்று நினைத்தார்கள். அப்புறம் வேண்டுமென்றே தப்பு செய்ய ஆரம்பித்தார்கள். ஆசிரியரை "சைமன் சேஸ், சார், ஜம்ப்" என்று குதிக்க வைக்கும் வாய்ப்பை எவன் விடுவான்? எனக்கு முட்டி வலி வந்ததுதான் மிச்சம்.

அன்றிலிருந்து எந்த ஆக்டிவிட்டியைப் பார்த்தாலும் எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இதிலிருந்து இங்கிலீஷை உருவிவிட்டால் விளையாட்டு நின்று போகுமா? நிற்காது என்றால், அது இங்கிலீஷ் பீரியடில் நடக்கும் பி.டி. பீரியட். கடைசி எழுத்தில் அடுத்த வார்த்தை சொல்லும் சங்கிலி விளையாட்டு, ஹேங்மேன், பிங்கோ எல்லாவற்றையும் இந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஸ்பெல்லிங்குக்கு அவை பரவாயில்லை. வருஷம் பூரா விளையாடினாலும் அவற்றில் ஒரு வாக்கியம் பிறக்காது.

இந்தக் கேள்வியை எனக்கு முன்னாலேயே, இன்னும் ஒழுங்காக, நம் பக்கத்திலேயே ஒருத்தர் கேட்டிருக்கிறார் என்பதுதான் சுவாரசியம். என்.எஸ். பிரபு. சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியாவில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு பரிசோதனை நடத்தினார். பெங்களூர் ப்ராஜெக்ட் என்று உலகம் முழுக்கப் பேர் வாங்கிவிட்டாலும் அது பெங்களூரோடு நிற்கவில்லை, சென்னையிலும் நடந்தது. அப்போது இங்கே கோலோச்சிக் கொண்டிருந்தது வாக்கிய அமைப்புகளை ஒவ்வொன்றாக, எளிதிலிருந்து கடினத்துக்கு என்று ஏணி வைத்து ஏற்றும் முறை. "திஸ் ஈஸ் எ பென், தட் ஈஸ் எ புக்" என்று நம்மில் பலர் கோரஸ் பாடியது அந்த ஏணியின் முதல் படி. பிரபு அந்த ஏணியையே எடுத்துவிட்டார். இலக்கணப் பாடம் கிடையாது. அதற்குப் பதில் வேலை. ரயில் நேர அட்டவணையைப் பார்த்து எந்த வண்டி என்று கண்டுபிடி. வரைபடத்தில் வழி சொல். மனசு அர்த்தத்தில் இருக்கும்போது இலக்கணம் தானாக உள்ளே இறங்கும் என்பது அவர் நம்பிக்கை. 1987ல் இதைப் புத்தகமாக எழுதினார்.

அவர் வேலைகளை மூன்று இடைவெளிகளாகப் பிரிக்கிறார். உனக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது உனக்குத் தெரியாது. அதைப் பேசித்தான் நிரப்ப வேண்டும். இது தகவல் இடைவெளி. ரெண்டாவதில் தகவல் எல்லாம் கண் முன்னால் இருக்கும், யோசித்து விடை எடுக்க வேண்டும். மூன்றாவது கருத்து. உனக்கு எது பிடிக்கும், ஏன். இதில் பிரபுவின் வோட்டு ரெண்டாவதுக்கு. கருத்து கேட்டால் சின்னப் பசங்க தயங்குவார்கள், சரி தப்பு என்று பிடிமானம் இருக்காது. கணக்கு மாதிரி விடை இருக்கும் விஷயத்தில் தைரியமாக இறங்குவார்கள்.

இதை நம்பி நானே ஒரு பஸ் டைம் டேபிள் எழுதிக்கொண்டு போனேன். பாட்டி 11 மணிக்கு வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பஸ் ரெண்டரை மணி நேரம் ஓடும். ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இருபது நிமிஷ நடை, பாட்டி மெதுவாகத்தான் நடப்பார். எந்த பஸ்? எல்லாம் இங்கிலீஷில். பாட்டிக்காக அந்த வகுப்பு போட்ட சண்டையைப் பார்த்திருக்க வேண்டும். "எய்ட் ஓ க்ளாக் பஸ் கோ, சார், டென் தர்ட்டி ரீச், வாக் ட்வென்ட்டி, டென் ஃபிஃப்டி, ஓகே" என்று ஒருத்தன். "நோ! பாட்டி ஸ்லோ! செவன் தர்ட்டி பஸ்!" என்று இன்னொருத்தி. வாக்கியத்தில் ஆயிரம் ஓட்டை. ஆனால் வாதம் ஓட்டை இல்லாமல் இருந்தது. அதுவரை "எஸ் சார், நோ சார்" தாண்டாத வாய் அது.

ஒரு ஆச்சரியம், பிரபு குழு வேலையை ஊக்குவிக்கவில்லை. இன்றைக்குப் புதுமை என்றாலே வட்டமாக உட்கார வைப்பது என்று ஆகிவிட்டது. அவர், ஆசிரியர் முதலில் வகுப்பு முழுக்கச் சேர்த்துக்கொண்டு அதே மாதிரி ஒரு வேலையைச் செய்து காட்டட்டும், அப்புறம் ஒவ்வொருத்தரும் தனியாகச் செய்யட்டும் என்றார். பசங்க தங்களுக்குள்ளேயே அரைகுறை இங்கிலீஷைப் பேசிப் பழகினால் அதுவே கெட்டிப்பட்டுவிடும் என்ற பயம் அவருக்கு. முதலில் சேர்ந்து செய்து காட்டுவதை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன், அது இல்லாமல் எந்த ஆக்டிவிட்டியும் ஓடாது. ஜோடி வேலையை மட்டும் நான் விடவில்லை. 38 பேர் இருக்கும் வகுப்பில் நாற்பது நிமிஷத்தை ஆளுக்குப் பங்கு போட்டால் ஒருத்தருக்கு ஒரு நிமிஷம்தான் வரும். அந்தக் கணக்கு என்னைப் பயமுறுத்தியது.

ஜோடி வேலையில் எனக்குப் பிடித்தது, சொல்லச் சொல்ல வரைவது. ரெண்டு பேர் முதுகோடு முதுகு ஒட்டி உட்கார வேண்டும். ஒருத்தர் கையில் படம், இன்னொருத்தர் கையில் வெள்ளைத் தாள். படத்தைக் காட்டக் கூடாது, கை ஜாடை கூடாது, வாயால் மட்டும். படம் ரொம்ப எளிமையாக இருக்க வேண்டும். என் படத்தில் ஒரு ஓட்டு வீடு, பக்கத்தில் தென்னை மரம், மரத்தடியில் ஒரு மேசை, மேசை மேல் ஒரு பூனை.

ஜன்னலோரம் ஒரு பொண்ணு உட்காருவாள். எழுத்துத் தேர்வில் எப்பவும் முதல் மூன்றுக்குள் வருவாள். கேள்வி பதில் எல்லாம் கமா, புள்ளி மாறாமல் எழுதுவாள். வாயைத் திறந்து கேட்டால் தலை குனிந்துகொள்ளும். அன்றைக்கு அவள் சொல்ல, பக்கத்து பெஞ்ச் தோழி வரைய வேண்டும். "ஹவுஸ். ட்ரீ. டேபிள்" என்று ஒவ்வொரு சொல்லாக இறக்கினாள். கடைசியில் "கேட் இன் தி டேபிள்" என்றாள்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்க வேண்டும். தமிழில் "பெட்டியில துணி இருக்கு", "மேசையில புத்தகம் இருக்கு" ரெண்டுக்கும் ஒரே "இல்". உள்ளே இருந்தாலும் மேலே இருந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். இங்கிலீஷுக்கு அந்தத் தாராளம் கிடையாது. உள்ளே என்றால் இன், மேலே ஒட்டியிருந்தால் ஆன். நம் பசங்க "தி புக் ஈஸ் இன் தி டேபிள்" என்று எழுதுவது கவனக்குறைவால் இல்லை, தமிழ் அவ்வளவு ஒழுங்காக உள்ளே வேலை செய்கிறது. நான் மூன்று வாரமாகச் சிவப்பு மையால் சுழித்துக்கொண்டே இருந்தேன். நோட்டு சிவந்ததே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

தோழி கொஞ்சம் யோசித்தாள். மேசைக்கு ஒரு ட்ராயர் வரைந்தாள். ட்ராயருக்குள் பூனையை வரைந்தாள், வால் மட்டும் வெளியே. ரெண்டு பேரும் படத்தை ஒப்பிட்டுப் பார்த்ததும் ஜன்னலோரப் பொண்ணு பதறிவிட்டாள். "ஐயோ, உள்ள போட்டா மூச்சு முட்டிச் செத்துரும்டி!" அப்புறம் தோழி கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கி மேசை மேல் தட்டி, "ஆன்! ஆன் தி டேபிள்! கேட் ஆன் தி டேபிள்!" என்றாள். அந்த மேசையில் அவள் தட்டிய சத்தம்தான் நான் அந்த வருஷம் எடுத்த இலக்கண வகுப்பு. அவள் நோட்டில் அதற்கப்புறம் அந்தத் தப்பு அத்தி பூத்தாற்போலத்தான் வந்தது. அடியோடு போய்விட்டது என்று சொன்னால் பொய்.

ஓட்ட டிக்டேஷன் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாலைந்து வரி உள்ள ஒரு பத்தியைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். ஜோடியில் ஒருத்தர் ஓடிப் போய்ப் படித்து, மனசில் வைத்துக்கொண்டு, திரும்பி வந்து சொல்ல வேண்டும். இன்னொருத்தர் எழுத வேண்டும். பாதியில் ஆள் மாற்றிக்கொள்ளலாம். வாசிப்பது, நினைவில் வைப்பது, பேசுவது, கேட்பது, எழுதுவது எல்லாம் ஒரே வேலையில் வந்துவிடும். எழுத்து எழுத்தாக மனப்பாடம் பண்ணிக்கொண்டு ஓடி வந்தால் பாதி வழியில் கொட்டிவிடும். நாலைந்து சொல்லை அர்த்தத்தோடு கொத்தாகப் பிடித்தால்தான் வந்து சேரும். ஓடினவனே இதைக் கண்டுபிடித்துக்கொள்வான், நாம் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் வகுப்பில் பெஞ்ச் போட்டால் நடக்க இடமில்லை. வராந்தாச் சுவரில் ஒட்டினேன். பத்தொன்பது பேர் ஒரே நேரத்தில் வராந்தாவுக்கு ஓடினால் என்ன ஆகும்? புழுதி. கூச்சல். ஒரு பையன் வழுக்கி விழுந்து முழங்கை சிராய்ப்பு. அடுத்த அறையில் ஐந்தாம் வகுப்பு டீச்சர் வெளியே வந்து, "சார், நாங்களும் இங்க பாடம்தான் நடத்தறோம்" என்றார். நியாயம். இந்த மாதிரிக் கட்டுரைகளில் சத்தம் நல்லது, சத்தம்தான் கற்றல் என்று எழுதுகிறவர்களுக்குப் பக்கத்து அறை கிடையாது போல.

அடுத்த வாரம் ஓட்டத்தைத் தடை செய்தேன். குதிகாலும் கட்டைவிரலும் ஒட்ட, அடி மேல் அடி வைத்துத்தான் போக வேண்டும். சொல்வதைக் காதில் கிசுகிசுக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து ஜோடி திருடிவிடும். சத்தம் பாதிக்கு மேல் குறைந்தது. விளையாட்டு இன்னும் கஷ்டமானது, அதனால் இன்னும் பிடித்துப் போனது. மெதுவாக நடக்கும்போது வாக்கியத்தை உதட்டுக்குள் முணுமுணுத்துக்கொண்டே வருவார்கள். ஓடினபோது அது இல்லை.

ஆனால் நடுவில் எல்லாம் தமிழ்தான். "என்னடா சொன்ன, திரும்பச் சொல்லு." "மெதுவா சொல்லுடி." தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளை எனக்குத் தெரியும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தமிழில் அவர்கள் என்னதான் கேட்கிறார்கள் என்று கவனித்தேன். சுற்றிச் சுற்றி அதே நாலு விஷயம். அந்த நாலையும் சார்ட்டில் பெரிதாக எழுதி மாட்டினேன். "சே இட் அகெய்ன்." "ஸ்லோலி, ப்ளீஸ்." "ஹௌ டு யூ ஸ்பெல் இட்?" "வெயிட்." பாடப் புத்தகத்தில் எத்தனையோ வாக்கியம் இருக்கிறது, அந்த நிமிஷத்துக்கு வேண்டியது இந்த நாலுதான். ரெண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாள் கிரவுண்டில் பந்துக்காகக் கத்தியவன் "வெயிட், வெயிட்" என்று கத்தினான்.

கடைசியாக, இருபது கேள்வி. ஒருத்தர் மனசில் ஒரு ஆளையோ பொருளையோ நினைத்துக்கொள்வார். மற்றவர்கள் ஆமாம், இல்லை என்று மட்டும் பதில் வரும் கேள்வி கேட்டு, இருபதுக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நமக்குப் பழக்கமான விளையாட்டுதான். ஆனால் வகுப்பறையில் அது செய்யும் வேலை பெரியது. சாதாரண ஒரு பீரியடை நினைத்துப் பாருங்கள். எல்லாக் கேள்வியும் ஆசிரியருடையது. அதுவும் அவருக்கே விடை தெரிந்த கேள்வி. "வாட் ஈஸ் திஸ்?" என்று பேனாவைத் தூக்கிக் காட்டுவார். பேனா என்று அவருக்குத் தெரியாதா? வெளியே யாராவது இப்படிக் கேட்டால் ஏற இறங்கப் பார்ப்போம். ஏழு வருஷம் இங்கிலீஷ் படித்த குழந்தை ஒரு கேள்விகூடக் கேட்டிருக்காது, கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லியிருக்கும்.

கேள்வி கேட்க ஆரம்பித்ததும் தமிழ் மறுபடி எட்டிப் பார்த்தது. நமக்குக் கேள்வி போடுவது சுலபம். எந்தச் சொல்லின் வாலிலும் ஒரு "ஆ" ஒட்டினால் போதும். "நீ டாக்டரா?" "நீயா டாக்டர்?" எதைக் கேட்கிறோமோ அதன் வாலில் ஒட்டும். இங்கிலீஷில் ஒட்டுக்கு இடமில்லை, வார்த்தையே எழுந்து முன்னால் வந்து நிற்க வேண்டும். முதல் நாள் "சார், யூ ஆக்டர் ஆ?" "சார், யூ லிவ் சென்னை ஆ?" என்றுதான் வந்தது. நான் ஒரே ஒரு விதி வைத்தேன். "ஆர் யூ", "டு யூ" என்று ஆரம்பிக்காத கேள்விக்குப் பதில் வராது, ஆனால் கேள்விக் கணக்கில் சேரும். இருபதில் ஒன்று வீணாகிறதே என்று கூட இருப்பவர்களே திருத்த ஆரம்பித்தார்கள்.

இன்னொரு வம்பும் இருக்கிறது. "சாப்பிடலையா?" என்றால் நாம் "ஆமா, சாப்பிடல" என்போம். கேட்டவர் நினைப்பது சரி என்பதற்கு அந்த ஆமா. இங்கிலீஷ்காரர் "நோ, ஐ டிட்ன்ட்" என்பார். நடந்ததா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் அங்கே எஸ்ஸும் நோவும். "யூ ஆர் நாட் எ சிங்கர்?" என்று ஒருத்தன் கேட்க, இன்னொருத்தன் "எஸ்" என்று சொல்ல, பாதி வகுப்பு பாடகர் என்றும் பாதி வகுப்பு பாடகர் இல்லை என்றும் எடுத்துக்கொண்டு, ஆட்டமே கலைந்தது. அன்றைக்கு இதைப் போர்டில் போட்டு விளக்கினேன். ரொம்பத் தெளிவாக விளக்கினதாகத்தான் நினைத்தேன்.

இந்த விளையாட்டில் நான் கற்றுக்கொண்டது வாயை மூடிக்கொண்டிருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கினால் பதில்கள் நீளமாகின்றன, புதுப் பசங்க வாய் திறக்கிறார்கள், பசங்களே கேள்வியும் கேட்கிறார்கள். தாய்மொழியிலேயே இந்தக் கதை. அந்நிய மொழியில் தமிழில் நினைத்து, சொல்லைத் தேடி, வரிசை மாற்ற வேண்டாமா? நான் மனசுக்குள் ஏழு வரைக்கும் எண்ண ஆரம்பித்தேன். ஏழு நொடி மௌனம் வகுப்பறையில் எவ்வளவு நீளம் என்று நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நண்பர் ஃபோனில் கேட்ட இன்னொரு கேள்வி, "இதெல்லாம் பண்ணினா போர்ஷன் எப்ப முடிப்பேன்?" ஹெச்.எம்.மும் அதைத்தான் கேட்பார். உண்மை. எனக்கு அந்தக் கவலை இல்லாதது என் சௌகரியம், அதை மறைத்து அறிவுரை சொல்லக் கூடாது. ஆனால் பத்து நிமிஷத்துக்குப் புதுசாக ஒன்றும் வேண்டாம். பாடத்தில் வரும் பத்தியையே சுவரில் ஒட்டலாம், பாடத்தில் வரும் ஆளையே இருபது கேள்வியில் ஒளித்து வைக்கலாம். இன்னொன்று, பிரபுவே 1990ல் சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்று ஒரு கட்டுரை எழுதினார். ஆசிரியருக்கு இது நடக்கும் என்ற நம்பிக்கை உள்ளூர இருந்தால்தான் எந்த முறையும் உயிரோடு இருக்கும் என்கிறார். அதனால் நண்பரிடம், என் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீங்க, ஒன்றை மட்டும் எடுத்து, யார் சும்மா உட்கார்ந்திருக்காங்கன்னு நோட்டில் குறிச்சுப் பாருங்க என்றேன்.

அந்த வருஷத்தின் கடைசி வகுப்பு ஏப்ரலில். வெயில். பாதிப் பேர் வரவில்லை. "இன்னைக்கு நீங்கதான் கேக்கணும், என்ன வேணா கேளுங்க, நான் பதில் சொல்றேன்" என்று உட்கார்ந்துவிட்டேன். வழக்கமான பசங்க வழக்கமான கேள்விகளைக் கேட்டார்கள். டு யூ லைக் பிரியாணி, ஆர் யூ மேரீட். ஒரு கட்டத்தில் எல்லோரும் ஓய்ந்தார்கள். ஏழு எண்ணலாம் என்று ஆரம்பித்தேன். ஐந்தாவது நொடியில் ஜன்னலோரப் பொண்ணு எழுந்தாள். ஒரு வருஷத்தில் அவளாக எழுந்தது அதுதான் முதல் தடவை.

"சார், யூ ஆர் நாட் கமிங் நெக்ஸ்ட் இயர்?"

எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைத்துவிட்டது. அதனால்தானோ என்னவோ, "எஸ்" என்றேன்.

பின் பெஞ்ச் பசங்க கைதட்டினார்கள். நான் வரப் போகிறேன் என்று எடுத்துக்கொண்டார்கள், நான் சொல்லிக் கொடுத்த விதிப்படி. பாக்கிப் பேர் முகம் வாடியது. அவள் உட்காரவில்லை. போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சார், எஸ் கமிங்? ஆர், எஸ் நாட் கமிங்?"